பெயர்ப்பட்டியலில் இல்லாத கேப்டன்

ஒரே ஒரு மனிதருக்கு மாதம் 30 டாலர் ஓய்வூதியம் கொடுப்பதற்காக 1897-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. கடற்படைக் கேப்டனுக்குரிய தொகை அது. அதைப் பெற்ற ராபர்ட் ஸ்மால்ஸ் உள்நாட்டுப் போரில் எதிரியின் கப்பலைக் கடத்திக் கொண்டுவந்தவர். அதே கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். தென் கரோலினா மாநிலத்தின் கீழவையிலும் மேலவையிலும் உறுப்பினர். மாநிலக் குடிப்படையில் மேஜர் ஜெனரல். ஐந்து அமெரிக்க நாடாளுமன்றக் காலங்களில் உறுப்பினராக இருந்தவர். இவ்வளவு இருந்தும் சாதாரணச் சட்டத்தின்கீழ் அவருக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அவரைப் படையில் நியமித்ததாகப் போர்த்துறையின் ஏடுகளில் ஓர் ஆணைகூட இல்லை.

ஸ்மால்ஸின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க இந்த ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப எதிரே வருகிறது. அவர் ஒன்றைச் செய்து முடிப்பார். அது ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏற்றுவதற்கு அவர் இன்னொரு போர் தொடுக்க வேண்டியிருக்கும். வெட்டவெளிச் சண்டையைவிட இந்தக் காகிதச் சண்டைதான் அவருடைய வாழ்நாளை அதிகம் தின்றது. அவருடைய கப்பல் சாகசம் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அவரைச் சட்டமன்ற உறுப்பினராகப் பார்த்தால்தான் அந்தச் சாகசத்தின் முழுப் பொருளும் விளங்கும் என்பது என் எண்ணம்.

1839 ஏப்ரல் 5 அன்று, தென் கரோலினாவின் கடலோர ஊரான பியூஃபர்ட்டில், மக்கீ குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னாலிருந்த அடிமைக் குடிலில் ஸ்மால்ஸ் பிறந்தார். தாய் லிடியா அந்த வீட்டு வேலைக்காரி. தந்தை யார் என்பது உறுதிப்படவில்லை. 1860-ல் தென் கரோலினாவின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள் என்று அந்த ஆண்டின் கணக்கெடுப்பு சொல்கிறது. அடிமைக்கு எழுத்தறிவிப்பதை மாநிலச் சட்டம் 1834-லேயே குற்றமாக்கியிருந்தது. பன்னிரண்டு வயதில் அவரைச் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதியில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் சுமை தூக்கினார், பாய் தைத்தார், கடைசியில் கப்பலேறினார். மாதச் சம்பளம் எசமானுக்குப் போய்விடும். அதிலிருந்து ஸ்மால்ஸின் கைக்கு வருவது ஒரு டாலர். விடுதியில் வேலை செய்த ஹன்னா என்ற அடிமைப் பெண்ணை 1856-ல் மணந்தார். மனைவியையும் மகளையும் விலை கொடுத்து மீட்க விரும்பியபோது அவர்களுடைய எசமான் கேட்ட தொகை 800 டாலர். ஒரு டாலர், இரண்டு டாலராகச் சேர்த்து அது எந்தக் காலத்தில் முடியும்?

வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய பின் தெற்கத்திக் கூட்டரசு பிளான்டர் என்ற நீராவிக் கப்பலைப் படைத்தேவைக்கு அமர்த்தியது. பருத்தி மூட்டை ஏற்ற 1860 வாக்கில் கட்டப்பட்ட கப்பல். ஆழம் குறைந்த கழிமுகங்களிலும் புகுந்து போகும். அதன் சுக்கானைப் பிடித்தவர் ஸ்மால்ஸ். வழிகாட்டி மாலுமி என்ற பட்டம் வெள்ளையருக்கு மட்டுமே உரியது என்பதால் அவரைச் ‘சக்கரம் பிடிப்பவன்’ என்றே அழைத்தார்கள். கண்ணிவெடி எங்கே மிதக்கிறது, மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, எந்தக் கோட்டைக்கு எந்த ஊதல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அறிவுக்குப் பெயரோ பதவியோ கொடுக்காமல் அதைப் பயன்படுத்தியவர்கள், அது எதிர்ப்பக்கம் திரும்பக்கூடும் என்று நினைக்கவே இல்லை.

1862 மே 12 இரவு கப்பலின் மூன்று வெள்ளை அதிகாரிகளும் விதியை மீறிக் கரையில் தங்கினார்கள். அதிகாலை மூன்று மணியளவில் ஸ்மால்ஸ் கொதிகலனைக் கிளப்பினார். வேறொரு கப்பலில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் வழியில் ஏற்றிக்கொண்டார். மொத்தம் பதினாறு பேர். அகப்பட்டால் கப்பலை மூழ்கடித்துவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே கைகட்டி நின்று, ஒவ்வொரு காவல்நிலைக்கும் உரிய ஊதலை ஊதி, விடியும் வேளையில் சம்ட்டர் கோட்டையைக் கடந்தார். பீரங்கியின் எல்லை தாண்டியதும் தெற்கின் கொடியை இறக்கி, ஹன்னா எடுத்து வந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். முற்றுகையிட்டிருந்த வடக்கின் ஆன்வர்ட் கப்பல் சுடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அந்த விரிப்பு கண்ணில் பட்டது. இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கப்பலில் பீரங்கிகள் இருந்தன. சமிக்ஞைக் குறிப்பேடு இருந்தது. ஆனால் வடக்கின் கடற்படைத் தளபதி டு பான்ட் எல்லாவற்றையும்விட உயர்வாக மதித்தது ஸ்மால்ஸ் சொன்ன செய்திகளைத்தான். கோல்ஸ் தீவின் பீரங்கிகளைத் தெற்குப் படை அகற்றிவிட்டது என்பது அவற்றில் ஒன்று. அந்தப் பீரங்கிகளை ஏற்றிச் சென்றதே பிளான்டர்தான். ஒரு வாரத்துக்குள் வடக்குக் கடற்படை ஸ்டோனோ கழிமுகத்துக்குள் சண்டையில்லாமல் நுழைந்தது. அடுத்த மாதமே சீசெஷன்வில் சண்டையில் தோற்று அந்த நல்வாய்ப்பை வடக்கின் தரைப்படை பாழாக்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தோல்விக்கு ஸ்மால்ஸ் பொறுப்பல்ல.

பிடித்துவந்த கப்பலின் மதிப்பில் பாதியை ஸ்மால்ஸுக்கும் உடன்வந்தோருக்கும் பரிசாகக் கொடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மதிப்பிட்டவர்கள் போட்ட விலை வெறும் 9,000 டாலர் அளவு. ஸ்மால்ஸின் பங்கு 1,500 டாலர். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாடாளுமன்றக் குழு அதே கப்பலும் சரக்கும் 60,000 டாலருக்கும் மேல் பெறும் என்று கணித்தது. ஸ்மால்ஸின் பங்கு 5,000 டாலர் என்று திருத்தி, ஏற்கெனவே கொடுத்த 1,500-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது 1900-ல்தான். அப்போது அவருக்கு வயது 61.

அந்த 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாதிரியார் மான்ஸ்ஃபீல்ட் ஃபிரெஞ்சுடன் ஸ்மால்ஸ் வாஷிங்டன் சென்று, போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனையும் அதிபர் லிங்கனையும் சந்தித்தார். கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க அனுமதி கேட்பதே பயணத்தின் நோக்கம். தென் கரோலினாவின் போர்ட் ராயல் பகுதியில் 5,000 கறுப்பின வீரர்கள்வரை சேர்க்கலாம் என்ற ஆணை ஆகஸ்ட் 25 தேதியிட்டு வந்தது. ஆணைக்கு வேறு அழுத்தங்களும் காரணம். ஸ்மால்ஸ் ஒருவரால்தான் லிங்கன் மனம் மாறினார் என்று எழுதுவது மிகை. இருந்தாலும் கறுப்பர்களால் போரிட முடியுமா என்று அமைச்சர்கள் தயங்கிக்கொண்டிருந்த நாளில், அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மனிதர் நேரில் வந்து நின்றது சிறிய விஷயம் அல்ல.

அவரே படையில் என்னவாக இருந்தார்? 1863 ஏப்ரல் 7 அன்று சார்ல்ஸ்டன்மீது நடந்த கடல்தாக்குதலில் கியோகக் என்ற இரும்புக் கப்பலுக்கு வழிகாட்டினார். சுமார் 90 குண்டுகள் பட்ட அந்தக் கப்பல் மறுநாள் காலை மூழ்கியது, ஸ்மால்ஸ் தப்பினார். அதே ஆண்டின் இறுதியில் ஃபாலி தீவை ஒட்டிய ஓடையில் பிளான்டர்மீது இருபுறமும் குண்டு பொழிந்தபோது, வெள்ளைக் கேப்டன் சரணடையத் துணிந்து நிலக்கரி அறைக்குள் பதுங்கிக்கொண்டார். கறுப்பின மாலுமிகள் சரணடைந்தால் அவர்கள் போர்க்கைதிகளாக நடத்தப்பட மாட்டார்கள் என்பது ஸ்மால்ஸுக்குத் தெரியும். சுக்கானைத் தானே பிடித்துக் கப்பலை மீட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரே பிளான்டரின் கேப்டன். ஆனால் கப்பல் அப்போது கடற்படையிடமிருந்து தரைப்படையின் வழங்கல் பிரிவுக்கு மாறியிருந்தது. அந்தப் பிரிவின் ஏட்டில் அவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓர் ஆள். துப்பாக்கிக் குண்டுக்கு நடுவே கேப்டன். எழுத்தர் மேசையில் கூலியாள்.

பழுதுபார்ப்புக்காகப் பிளான்டர் 1864-ல் ஃபிலடெல்ஃபியா சென்றது. அங்கே தங்கிய மாதங்களில்தான் ஸ்மால்ஸ் முறையாக எழுதப் படிக்கக் கற்றார். அப்போது வயது இருபத்தைந்து. அந்த ஊரிலேயே ஒரு நாள் டிராம் வண்டியில் ஏறியவரைக் கறுப்பர் என்பதற்காக இறங்கச் சொன்னார்கள். அவர் நடந்தே துறைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி ஊரில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1867-ல் பென்சில்வேனியா மாநிலம் டிராம்களில் நிறப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது.

பரிசுப் பணத்தைக் கொண்டு, போர் நடந்துகொண்டிருக்கும்போதே வரிப் பாக்கி ஏலத்தில், தான் எந்த வீட்டுக்குப் பின்னால் பிறந்தாரோ அந்த மக்கீ வீட்டை வாங்கினார். போருக்குப் பின் பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு டி டிரவில் என்பவர் வழக்குத் தொடுத்தார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1878-ல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. அது அவருடைய தனிப்பட்ட வெற்றி மட்டும் அல்ல. பியூஃபர்ட் சுற்றுவட்டத் தீவுகளில் வரி ஏலத்தில் சிறு துண்டு நிலம் வாங்கியிருந்த எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களின் பட்டா அந்தத் தீர்ப்போடு கட்டுண்டு கிடந்தது. அந்த மாவட்டத்தில் ஸ்மால்ஸின் அரசியல் செல்வாக்கு ஏன் நாற்பது ஆண்டு நிலைத்தது என்று கேட்பவர்கள் இந்த நிலவுடைமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சொந்த நிலத்தில் நின்றவர்களை மிரட்டுவது மற்ற மாவட்டங்களில் இருந்த அளவுக்கு இங்கே எளிதாக இல்லை.

1868 ஜனவரியில் சார்ல்ஸ்டனில் கூடிய அரசியலமைப்பு அவைக்கு ஸ்மால்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 124 பிரதிநிதிகளில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம், எல்லா வகுப்பினருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும் பொதுப்பள்ளி முறையைக் கோரியது. எழுதிய சாசனத்தில் ஆறு முதல் பதினாறு வயதுக் குழந்தைகளுக்குக் குறைந்தது 24 மாதக் கட்டாயக் கல்வி என்ற விதி இடம்பெற்றது. பொதுப் பள்ளிகள் நிற வேறுபாடின்றித் திறந்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பாடுபட்டவர் மாநிலத்தின் அடிப்படைச் சட்டத்தில் பள்ளிக்கூடத்தை ஏற்றினார். ஸ்மால்ஸின் வாழ்க்கையில் பிளான்டரைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பிளான்டரில் விடுதலை பெற்றவர்கள் பதினாறு பேர். இந்தப் பிரிவு ஒரு மாநிலத்தின் குழந்தைகள் அனைவரையும் எண்ணி எழுதப்பட்டது. ஏழை வெள்ளைக் குழந்தைகளுக்கும் அதுவரை முறையான மாநிலப் பள்ளி கிடையாது.

1868-ல் மாநிலக் கீழவை, 1870-ல் மேலவை. கீழவையில் கறுப்பின உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்தது அந்தக் காலத்தில் தென் கரோலினாவில் மட்டும்தான். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் வரவுசெலவுத் திட்டம் போட்டார்கள். நிலம் வாங்கி நிலமற்றோருக்குத் தவணையில் விற்க மாநில நில ஆணையம் அமைத்தார்கள். ஊழலும் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அச்சுப் பணி ஒப்பந்தங்களில் பணம் கை மாறியது. ஸ்மால்ஸ் மேலவையின் அச்சுக் குழுத் தலைவராக இருந்தவர். 1877-ல், அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே, 5,000 டாலர் லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கை எடைபோடும்போது சில உண்மைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கியச் சாட்சி, மேலவையின் எழுத்தராகவும் அச்சு நிறுவனத்தின் பங்காளியாகவும் இருந்தவர். தன்மீது நடவடிக்கை இல்லை என்ற உறுதியின்பேரில் சாட்சி சொன்னவர். வழக்கைத் தொடுத்த அரசு, முந்தைய ஆண்டு வன்முறையால் ஆட்சியைப் பிடித்த கட்சியின் அரசு. நாடாளுமன்றப் பதவியை விட்டால் வழக்கு மறைந்துவிடும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக ஸ்மால்ஸ் பின்னாளில் கூறினார். 1879-ல் ஆளுநர் சிம்ப்சன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தேர்தல் குற்றங்களுக்காக வெள்ளையர்மீது நடந்துகொண்டிருந்த மத்திய அரசு வழக்குகள் கைவிடப்பட்டதற்கு ஈடாக அது கிடைத்தது. மன்னிப்பு நிரபராதி என்ற தீர்ப்பு ஆகாது. தண்டனை நேர்மையான விசாரணையின் விளைவு என்றும் சொல்ல முடியாது. பணம் வாங்கினாரா இல்லையா என்பதை அந்த நீதிமன்றத்தின் ஏடு தீர்த்துவைக்கவில்லை என்பதே என் முடிவு.

வன்முறை என்று சொன்னேன். 1876 ஜூலை 8 அன்று ஹாம்பர்க் என்ற சிற்றூரில், சுதந்திர தின அணிவகுப்பு நடத்திய கறுப்பினக் குடிப்படைப் பிரிவை ஆயுதம் தாங்கிய வெள்ளையர்கள் சுற்றி வளைத்து ஆறு கறுப்பினத்தவரைக் கொன்றார்கள். பிடிபட்ட பின் சுடப்பட்டவர்களே பலர். நாடாளுமன்றத்தில் ஸ்மால்ஸ் அந்நிகழ்ச்சியை நேரில் கண்டவர் எழுதிய கடிதத்தை வாசித்தார். எழுதியவர் பெயரைச் சொல்லும்படி எதிர்க்கட்சியினர் கேட்டனர். பெயரைச் சொன்னால் அவருடைய உயிர் போகும் என்பது ஸ்மால்ஸுக்குத் தெரியும். கடிதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தானே பொறுப்பு என்றார். படையில் ஆள் சேர்க்கும்போது நிறம் பார்க்கக் கூடாது என்ற திருத்தத்தையும் அவர் அந்த நாடாளுமன்றத்தில் முன்வைத்தார், அது நிறைவேறவில்லை.

அதே கோடையில் கம்பாஹி ஆற்றங்கரை நெல்வயல்களில் அறுவடைக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காசுக்குப் பதிலாக முதலாளியின் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டைக் கூலியாகக் கொடுத்ததுதான் அவர்கள் குமுறலுக்கு வேர். வேலைக்குப் போனவர்களைச் சிலர் அடித்தார்கள். தோட்ட முதலாளிகள் படை வேண்டும் என்றார்கள். ஆளுநர் சேம்பர்லெய்ன், குடிப்படைத் தளபதியான ஸ்மால்ஸை அனுப்பினார். அவர் கூட்டத்தினரிடம் பேசினார். அடிதடியில் ஈடுபட்டதாகச் சொல்லப்பட்ட பத்துப் பேர் தாமாகவே சட்டத்தின் முன் வர இசைந்தார்கள், பியூஃபர்ட்டில் விடுவிக்கப்பட்டார்கள். முதலாளிகளில் பெரும்பாலோர் காசாகக் கூலி தர ஒப்பினார்கள். ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. ஹாம்பர்க்கில் குடிப்படைக்கு எதிராக நடந்ததையும் கம்பாஹியில் குடிப்படைத் தலைவர் நடந்துகொண்டதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிந்தைய வரலாறு இழந்தது என்ன என்று தெரியும்.

1877-ல் மத்தியப் படை மாநில அரசுக்குக் கொடுத்துவந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஸ்மால்ஸ் தொகுதி எல்லைகளின் சூழ்ச்சியையும் வாக்குத் திருட்டையும் தாண்டி 1880-களின் நடுப்பகுதிவரை நாடாளுமன்றத்துக்குப் போய்வந்தார்.

1895-ல் வெள்ளையர் மேலாதிக்க அரசியல்வாதி பென் டில்மனின் முன்முயற்சியில் புதிய அரசியலமைப்பு அவை கொலம்பியாவில் கூடியது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைச் சட்டப்படி பறிப்பதே அதன் நோக்கம். டில்மன் அதை ஒளிக்கவும் இல்லை. 160 பிரதிநிதிகளில் கறுப்பினத்தவர் ஆறே பேர். அவர்களில் ஐவர் பியூஃபர்ட் மாவட்டத்தினர். 1868 அவையிலும் இந்த அவையிலும் உட்கார்ந்த ஸ்மால்ஸுக்கு அப்போது வயது 56. தாம் எழுதியதைத் தம் கண்ணெதிரே அழிக்கக் கண்டார். படித்துக் காட்ட வேண்டும் அல்லது 300 டாலர் சொத்து வேண்டும், தலைவரி கட்டியிருக்க வேண்டும், இரண்டாண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. படித்துக் காட்டியவர் தேறினாரா என்று சொல்லப்போகிறவர் டில்மனின் ஆள்.

டில்மன் பழைய லஞ்ச வழக்கை எடுத்து வீசினார். ஸ்மால்ஸ் அதற்கு அவையிலேயே விரிவாகப் பதில் சொன்னார். தம் இனத்துக்குத் தனிச்சலுகை வேண்டாம், வாழ்க்கைப் போரில் சம வாய்ப்பு போதும் என்ற கருத்தை அழுத்தினார். இரு இனத்தவர் மணப்பதைத் தடைசெய்யும் பிரிவு வந்தபோது அவர் ஒரு திருத்தம் கொடுத்தார்: கறுப்பினப் பெண்ணோடு மணமின்றி வாழும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது. அவையில் அமர்ந்திருந்த பலருக்கும் அந்தக் கத்தியின் முனை எங்கே பாய்கிறது என்று தெரிந்தது. திருத்தம் தோற்றது. ஒரு தலைமுறைக்கு முன் ஊதலும் தொப்பியும் கொண்டு எதிரியின் விதியாலேயே எதிரியைக் கடந்தவர், இங்கே சட்டவரைவின் மொழியைக் கொண்டு அதையே செய்தார்.

எழுதி முடித்த சாசனத்தில் அவர் கையெழுத்திடவில்லை. கையெழுத்திடாதவருக்குப் படிக்காசு கிடையாது என்ற பேச்சு எழுந்தபோது, கையெழுத்திடுவதைவிடப் பியூஃபர்ட்டுக்கு நடந்தே போய்விடுவேன் என்று அவர் சொன்னதாகக் கூறப்படுகிறது. தூரம் சுமார் 200 கிலோமீட்டர். சாசனம் மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்படாமலே நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் இருந்தன, ஆனால் கறுப்புப் பிள்ளைக்கும் வெள்ளைப் பிள்ளைக்கும் தனித்தனி.

ஸ்மால்ஸ் பியூஃபர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாக 1913 வரை இடைவெளியோடு பணிபுரிந்தார். உட்ரோ வில்சனின் ஆட்சி வந்ததும் அந்தப் பதவி போயிற்று. ஏலத்தில் வாங்கிய அந்த வீட்டிலேயே 1915 பிப்ரவரியில் இறந்தார். அமெரிக்கத் தரைப்படை 2004-ல் ஒரு கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. தெற்குப் படையின் வெற்றியான சான்சலர்ஸ்வில் சண்டையின் பெயரைத் தாங்கியிருந்த கடற்படைக் கப்பலொன்று 2023 முதல் ராபர்ட் ஸ்மால்ஸ் என்று அழைக்கப்படுகிறது. கொலம்பியாவில் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்க 2024-ல் சட்டம் வந்தது. அதே வளாகத்தில் டில்மனின் சிலை 1940 முதல் நிற்கிறது. ஸ்மால்ஸ் கையெழுத்திட மறுத்த 1895 சாசனம், பல திருத்தங்களோடு, இன்றும் தென் கரோலினாவின் அரசியலமைப்பாக இருக்கிறது.